பதினாறு எக்ஸும் ஒரு கருடனும்

கம்பெனிப் பெயர் வேண்டாம். 2011-இல் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த என் கொழுந்தனார், கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட் பாக்கெட்டுகளுக்கும் நடுவே, பூந்துவாலையில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். "அண்ணி, இது டிராவல் ஜூம். பதினாறு எக்ஸ். சட்டைப் பையில அடங்கிடும்" என்றார். அடங்கத்தான் செய்தது. சட்டைதான் அடங்கவில்லை. கால் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை இடது பக்கம் தொங்க, என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். அப்புறம் கேமரா என் கைப்பைக்குக் குடிவந்தது. எடுப்பது அவர், சுமப்பது நான் என்ற ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. அதுவாக அமைந்தது, வீட்டில் மற்ற பல ஏற்பாடுகள் அமைந்ததைப் போலவே.

அந்த நாளில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தில்தான் சின்னக் கேமராக்களின் மானம் மரியாதை எல்லாம் இருந்தது. 2006-இல் பானசோனிக் டிஇசட்1 என்று ஒன்றைக் கொண்டுவந்து, பத்து மடங்கு ஜூமைக் கையடக்கமான பெட்டிக்குள் அடைத்துக் காட்டியது. அதுவரை அவ்வளவு ஜூம் வேண்டுமென்றால் கழுத்தில் மாட்டுகிற சைஸில்தான் வாங்க வேண்டும். பிறகு போட்டி சூடுபிடித்தது. 12, 14, 16, 20, 30 என்று ஏறி, 2018-க்குள் கேனன் 40 மடங்கைப் பைக்குள் போட்டுவிட்டது. விசேஷ வீடுகளில் கேமராவை வெளியே எடுத்தால் முதல் கேள்வி "எத்தனை எக்ஸ்?" இரண்டாவது கேள்வி "எத்தனை மெகாபிக்சல்?" படம் எப்படி விழுகிறது என்று கேட்ட ஒருவரும் என் ஞாபகத்தில் இல்லை.

எக்ஸ் என்பது எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்கே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. லென்ஸின் நீண்ட கோடியைக் குட்டைக் கோடியால் வகுத்தால் வருவது எக்ஸ். எங்களுடையது 24 மில்லிமீட்டரில் தொடங்கி 384-இல் முடியும், ஆகவே பதினாறு. 28-இல் தொடங்கி 392 வரை போகும் இன்னொரு கேமராவுக்குப் பதினாலுதான், ஆனால் அது எங்களுடையதைவிட ஒரு மயிரிழை தூரம் கூடுதலாகவே பார்க்கும். பக்கத்துத் தெரு வங்கிக்காரர் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, வெறும் பதினாலு என்பதால் எங்களுக்கு முன்னால் கொஞ்சம் அடக்கமாகவே இருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது ஃபிலிம் ரோல் போடும் ஒரு யாஷிகா. ஜூம் என்ற பேச்சே கிடையாது. ஒரு ரோலுக்கு 36 படம்; சாமர்த்தியமாக மாட்டினால் 37, 38 வரை இழுக்கலாம், கடைசிப் படம் பாதி கருப்பாக வரும். ஊட்டிக்குப் போனால் முதல் நாளே ரோலைத் தீர்த்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு மரத்தடியில் ஒரே ஒரு படம். கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கும்வரை யார் கண்ணை மூடினார்கள் என்று தெரியாது. எல்லாப் படத்திலும் மலை பெரியதாக, நாங்கள் எறும்பாக. யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தூரத்தில் இருப்பது சின்னதாகத்தான் தெரியும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம்.

ஜூம் வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. முதல் சோதனை மொட்டைமாடியில் நடந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தோம். அடுத்து, எதிர் வரிசை வீட்டு டிவியில் எந்த சீரியல் ஓடுகிறது என்று என் மாமியார் கேட்க, இவர் பார்த்துச் சொன்னார். மறுநாள் அந்த வீட்டு அம்மா ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தார். அவராகத்தான் தைத்தாரா, எங்கள் லென்ஸ் நீண்டதைப் பார்த்துத்தான் தைத்தாரா என்பது இன்றுவரை விசாரிக்கப்படாத வழக்கு.

ஆனால் தஞ்சாவூரில் அந்தக் கேமராவுக்கு நான் முழு மார்க் போட்டேன். பெரிய கோயில் விமானத்தின் வடபுறத்தில், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் உண்டு. வழிகாட்டிகள் கையை நீட்டி, "அதோ, தெரியுதா? வெள்ளைக்காரன் வருவான்னு ராஜராஜனுக்கு அன்னிக்கே தெரியும்" என்பார்கள். பிற்காலத்தில் சேர்த்த உருவம் என்பது விஷயம் தெரிந்தவர்கள் வாதம்; 1620-இல் தஞ்சை நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய டேனிஷ்காரர்களோடு அதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, நான் சின்ன வயசிலிருந்து அண்ணாந்து அண்ணாந்து கழுத்து சுளுக்கி, தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டியவள். 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த விமானத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. அன்று பத்து மணி வெயிலில், புல்தரையில் நின்றபடி, இவர் லென்ஸை முழுக்க நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். திரையில் தொப்பியின் விளிம்பு, மூக்கு, மேல்சட்டை எல்லாம் வந்தன. முக்காலி இல்லை, ஒன்றும் இல்லை. கை நடுக்கத்துக்கு ஈடாக உள்ளே லென்ஸின் ஒரு பகுதி தானே அசைந்து சரிசெய்துகொள்ளுமாம். அத்தனை வருஷம் தலையாட்டியதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது.

அவ்வளவு தூரத்தை அவ்வளவு சின்னப் பெட்டி எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால், கொழுந்தனார் "ஜப்பான்காரன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சங்கதி வேறு. படம் வந்து விழும் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். யாஷிகாவில் இருந்த ஃபிலிம் 36-க்கு 24. பரப்பில் கணக்குப் போட்டால் சென்சார் அதில் முப்பதில் ஒரு பங்கு. விழ வேண்டிய படமே இத்துனூண்டு என்பதால் லென்ஸும் இத்துனூண்டு இருந்தால் போதும்: பெட்டியில் 384 என்று போட்டிருக்கும் லென்ஸின் உண்மையான குவிய நீளம் 70 மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டைப் பையில் அடங்கும் சௌகரியம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சௌகரியத்தோடு ஒரே வயிற்றில் பிறந்தவைதான் மற்ற எல்லாக் கஷ்டங்களும்.

நகத்தளவு இடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் திணித்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வெளிச்சம் சொற்பம். வெயில் இருக்கிறவரை குறை தெரியாது. பொழுது சாய்ந்தால் தெரியும். அதுவும் ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் வாய் ஒடுங்கும்: குட்டைக் கோடியில் எஃப் 3.3, நீண்ட கோடியில் எஃப் 5.9. அதாவது முதலில் வந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே வராது. அந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்ட கேமரா ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்திறனைத் தானே ஏற்றும்; படம் முழுக்க கிரெய்ன்ஸ் அடிக்கும்; அதைத் துடைக்கிறேன் என்று கேமரா தானே மெழுகிவிடும். என் தங்கை வீட்டு வரவேற்பில் எடுத்த படங்களைப் பார்த்தால் தெரியும். பட்டுப்புடவையில் ஜரிகை எது, உடல் எது என்று பிரிக்க முடியாது. மாப்பிள்ளையின் தலைமுடி ஒரே கருப்புத் திட்டு. "ஃபிளாஷ் போடுங்க" என்றேன். போட்டார். ஃபிளாஷ் நாலைந்து மீட்டருக்கு மேல் எட்டாது, ஜூம் போட்டால் அதிலும் பாதி. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் வழுக்கைத் தலைகள் மட்டும் பளிச்சென்று விழுந்தன. மேடை விழவில்லை. அந்தப் பெரியவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அதுதான் கடைசிக் கல்யாணம் என்பதால், ஆல்பத்தில் அந்தப் படத்துக்கு இப்போது ஒரு மதிப்பு வந்திருப்பது வேறு விஷயம்.

வேடந்தாங்கலிலும் மூக்கறுபட்டோம். ஏரி நடுவில் மரமெல்லாம் மஞ்சள் மூக்கு நாரை. பக்கத்தில் ஒருவர் கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டி, முக்காலி போட்டு, எங்கள் பெட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். எங்களுடையதில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது, திரை மட்டும்தான். ஏரி வெயிலில் திரையில் என் முகம் தெரிந்ததே தவிர நாரை தெரியவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு படம் எடுத்ததைச் சிரிப்பாகச் சொல்வோம். அன்று நான் முந்தானையை விரித்துப் பிடிக்க, இவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு எடுத்தார். முழு ஜூமில் கை ஒரு நூல் அசைந்தால் நாரை சட்டத்தை விட்டுப் போய்விடும். தேடிப் பிடித்து, ஃபோகஸ் ஆகி, க்ளிக் ஆவதற்குள் அது ஒரு மீனை விழுங்கிவிட்டுப் பறந்துபோயிருக்கும். உட்கார்ந்த நாரைகள் எல்லாம் அருமையாக வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை முக்காலிக்காரரிடம் காட்டினார். "கையாலயா எடுத்தீங்க?" என்று கேட்டார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை இவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி கருடன்.

இந்த மாதிரிக் கேமராக்களில் லென்ஸ் குழாய் குழாயாக நீண்டு சுருங்கும். ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசியும் போகும். போன தூசி சென்சார்மேல் உட்கார்ந்தால் துடைக்க வழி கிடையாது, லென்ஸைக் கழற்ற முடியாது. எங்கள் கேமரா எந்த ஊர்த் தூசியை வாங்கியது என்று தெரியாது. தனுஷ்கோடி மணல் என்பது என் சந்தேகம். ஜூமை முழுக்க நீட்டினால் வலது மேல் மூலையில் மங்கலாக ஒரு கரும்புள்ளி. சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். பிரித்துச் சுத்தம் பண்ண அவர்கள் சொன்ன தொகைக்கு அதே மாதிரி இன்னொரு கேமராவே ஏறக்குறைய வாங்கிவிடலாம். அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகம். சிவாச்சாரியார் கலசத்தோடு ராஜகோபுரத்தின் மேல் நிற்கிறார். கீழே ஊரே அண்ணாந்து நிற்கிறது. கருடன் வந்தது. நிஜக் கருடன், கழுத்து வெள்ளை, செம்பட்டை இறக்கை, கோபுரத்தைச் சுற்றி வட்டமடித்ததை நானே பார்த்தேன். "எடுடா, எடுடா" என்று மாமியார் இவர் முதுகில் குத்துகிறார். இவர் ஜூமை நீட்டுகிறார். வெறும் வானத்தைக் காட்டினால் அந்த வகைக் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்காது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஒரு விளிம்பு கிடைத்தால்தான் அது நிலைகொள்ளும். லென்ஸ் முன்னும் பின்னும் போய் "ழ்ழ்ழ்" என்று முனகியது. கருடன் ஒரு சுற்று முடித்து, இன்னொரு சுற்றும் முடித்து, தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டது. கேமரா கோபுரக் கலசத்தில் ஃபோகஸ் பிடித்து, ஆற அமர ஒரு படம் எடுத்தது.

பிரிண்ட் போட்டு வந்ததும் மாமியார் கையில் வாங்கிப் பார்த்தார். கலசம், தண்ணீர்ச் சிதறல், சிவாச்சாரியாரின் கை, வலது மேல் மூலையில் நீலவானத்தில் மங்கலாக ஒரு கரும்புள்ளி. கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா, அது தூசி" என்றார் இவர். "உன் கண்ணுக்குத் தூசி" என்றார் மாமியார். அத்தோடு விட்டிருக்கலாம். இவர் நிரூபிக்கக் கிளம்பி, வேளாங்கண்ணிக் கடற்கரையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து அதே மூலையில் அதே புள்ளியைக் காட்டினார். மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அங்கேயும்தான் வருவார். அவருக்கு என்ன டிக்கெட்டா?" என்றார். வண்டலூர் சிறுத்தைக்கு மேலேயும் அவர் இருந்ததை இவர் காட்டவில்லை. கோயில் அறங்காவலர் ஒரு காப்பி கேட்டு வாங்கி, சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். இன்றைக்கும் இருக்கிறது, குங்குமப் பொட்டோடு.

இன்றைக்கு வருவோம். 2010-இல் ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்குப்படி உலகத்துக்கு 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. 2023-இல் அது 80 லட்சத்தைத் தொடவில்லை. மிச்சத்தை எது தின்றது என்று சொல்லத் தேவையில்லை, அது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதலில் போனுக்கு ஜூம் வராது என்று கேமராக்காரர்கள் தைரியமாக இருந்தார்கள். 2019-இல் வாவே கம்பெனிக்காரர்கள் லென்ஸைப் படுக்கப் போட்டு, ஒரு பட்டகத்தால் வெளிச்சத்தை மடக்கி, போனுக்குள்ளேயே ஐந்து மடங்கு ஜூம் வைத்தார்கள். அடுத்த வருஷமே சாம்சங் 100 எக்ஸ் என்று போனின் முதுகிலேயே எழுதியது. அதில் பெரும்பகுதி கணிப்பொறி வேலை, லென்ஸ் வேலை அல்ல. ஆனால் பதினாறு எக்ஸுக்குச் சாய்ந்து நடந்த நாங்கள் அதைக் குறைசொல்ல முடியுமா?

2023-இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, சாம்சங் போனால் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத மேடு பள்ளமெல்லாம் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டுகொண்டு நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு மெருகேற்றுகிறது என்று கம்பெனியும் விளக்கம் கொடுத்தது. இவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். இல்லாத கருடனைக் காட்டியதற்காக நம் கேமராவை எவ்வளவு திட்டியிருப்போம்! அது தூசியால் செய்ததை, இவன் படித்த புத்தியால் செய்கிறான்.

கோயில் கதையும் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் கைப்பையைத் திறந்து கேமராவைக் கண்டுபிடித்து வெளியே வைக்கச் சொல்வார்கள்; போனை ஆட்டிக்கொண்டு பத்துப் பேர் உள்ளே போவார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. இப்போது வாசலில் போனை ஒப்படைத்து டோக்கன் வாங்குகிற வரிசையில் நிற்கையில், எனக்கு நியாயமாக வர வேண்டிய வருத்தம் வருவதில்லை.

கேமராவை மறந்தே போயிருந்தோம். போன வருஷம் கோயம்புத்தூரில் படிக்கும் என் தங்கை மகள் வந்தவள், பீரோ மேல்தட்டைக் குடைந்து எடுத்து, "பெரியம்மா, டிஜிகேமா! இது இப்ப செம டிரெண்டு" என்றாள். பேட்டரி உப்பியிருந்தது. டூப்ளிகேட் ஒன்று வாங்கிப் போட்டாள். இருட்டில் ஃபிளாஷ் அடித்து ஒரு படம் எடுத்தாள்: முகம் வெளுத்து, பின்னால் கும்மிருட்டு, ஓரமெல்லாம் கிரெய்ன்ஸ். நாங்கள் எதற்கெல்லாம் அந்தக் கேமராவைத் திட்டினோமோ அத்தனையும் அதில் இருந்தன. "போன்ல இந்த லுக் வரவே வராது" என்றாள். எதற்காக வாங்கினோமோ அந்தப் பதினாறு எக்ஸை அவள் ஒரு தடவை தற்செயலாகத்தான் நீட்டினாள்.

"புதுசே வருதாம்மா, வாங்கிக்கிறியா?" என்று இவர் கேட்டார். உண்மைதான், பானசோனிக் 2025-இல் டிஇசட்99 என்று ஒன்றை விட்டிருக்கிறது. முப்பது மடங்கு ஜூம், சென்சார் அதே நகத்தளவு. முந்தைய மாடலில் இருந்த, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தை எடுத்துவிட்டார்கள். முந்தானைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவள் உதட்டைப் பிதுக்கி, "புதுசுல பழசு மாதிரி விழாது பெரியப்பா" என்று பழையதையே ஊட்டி டூருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்ததும் கார்டிலிருந்து படங்களைப் போனுக்கு ஏற்றி எல்லோருக்கும் காட்டினாள். தொட்டபெட்டாவில் முழு ஜூமில் எடுத்த ஒன்று. தூரத்து மலைச்சரிவு, தேயிலைத் தோட்டம், மேலே துடைத்துவிட்ட வானம், வலது மேல் மூலையில் அவர். "இந்தக் கறையை ஒரே தட்டுல அழிச்சிடலாம், போனே அழிச்சிடும்" என்று விரலைக் கொண்டுபோனாள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாட்டி?"

"ஒண்ணுமில்லடி. இதை ஒரு காப்பி போடச் சொல்லு. பெரிசா."